யாரும் வாங்காத மண்

சரளைக் குவாரியில் சுற்றுச்சூழல் பொறுப்பில் இருக்கிறேன் என்று சொன்னதும், கேட்பவர்கள் தூசியைப் பற்றித்தான் பேசுவார்கள். அடுத்து மரம் வெட்டுவதைப் பற்றி. இரண்டும் இருக்கின்றன, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வேலையில் இருக்க இருக்க என் கண் வேறொன்றின் மேலேயே போய் நிற்கிறது. குவாரியிலிருந்து வெளியே போவது கல். 40 மில்லிமீட்டர், 20 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர் என்று சலித்துப் பிரித்து, எடை போட்டு, சீட்டு கொடுத்து அனுப்பிவிடுகிறோம். கல்லோடு சேர்ந்து தோண்டியெடுத்த நுண்மண்ணை, அந்த வண்டலையும் களியையும், யாரும் வாங்குவதில்லை. அது எங்களிடமே தங்கிவிடுகிறது. வெயிலில் தூசியாகப் பறக்கிறது, மழையில் சேறாக ஓடுகிறது, ஓடையில் கலந்தால் மீனின் செவுளை அடைக்கிறது. கடைசியில் குழியை மீட்டுப் பச்சை வரவைக்கப் போகும்போது, அதே மண்தான் தேவைப்படுகிறது. என் வேலையில் முக்கால்வாசி, விற்காத இந்த மண்ணை எங்கே வைப்பது, எப்படி நகரவிடாமல் பிடித்துவைப்பது என்பதுதான்.

எல்லோரும் கேட்பது தூசியைப் பற்றி என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். புதிதாகப் பார்க்க வருகிறவர்கள் நேரே கல் உடைக்கும் கிரஷரைத்தான் கைகாட்டுவார்கள். கிரஷரும் சலிப்பானும் தூசி கிளப்பக்கூடியவைதான். ஆனால் அவை ஒரே இடத்தில் நிற்பவை. சுற்றி மூடலாம், தண்ணீர் தெளிப்பான் பொருத்தலாம், கன்வேயர் பெல்ட்டின் முனையிலிருந்து கல் விழும் உயரத்தைக் குறைக்கலாம். அடங்கிவிடும். அடங்காதது வண்டிப்பாதை. குழியிலிருந்து சலிப்பானுக்கும், அங்கிருந்து வாசலுக்கும் டிப்பர்கள் ஓயாமல் ஓடும் தார் போடாத பாதை அது. ஒவ்வொரு சக்கரமும் கல்லை அரைத்து இன்னும் கொஞ்சம் நுண்மண்ணை உண்டாக்குகிறது. வண்டியின் பின்னால் சுழலும் காற்று அதைத் தூக்கிவிடுகிறது. சரளைக் குவாரிகளில் தூசியின் பெரும்பங்கு இங்கிருந்துதான் வருகிறது.

இதற்குத் தண்ணீர் லாரிதான் தீர்வு என்று பலரும் நினைக்கிறார்கள். தண்ணீர் வேண்டும்தான். ஆனால் அதற்கு முன்னால் வேகம் இருக்கிறது. டிப்பரின் வேகத்தைப் பாதியாக்கினால் கிளம்பும் தூசியும் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஒரு குடம் தண்ணீர் செலவில்லை. அடுத்தது பாதையின் மேற்பரப்பு. நுண்மண் சேர்ந்துபோன மேல்படலத்தை வழித்தெடுத்துவிட்டு, கழுவிய கெட்டிக்கல்லைப் பரப்பி உருட்டினால், பறப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. இந்த இரண்டையும் செய்த பிறகு ஊற்றும் தண்ணீர் நின்று வேலை செய்யும். செய்யாமல் ஊற்றினால் நாள் முழுக்க ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

எங்கள் தண்ணீர் லாரி ஓட்டுநர் என்னைவிட வயதில் மூத்தவர். அவர் அட்டவணையைப் பார்த்து வண்டியை எடுப்பதில்லை. இறங்கிவந்து, பூட்ஸ் நுனியால் பாதையில் ஒரு கீறு கீறிப் பார்ப்பார். "மேலதான் தம்பி காஞ்சிருக்கு, அடியில ஈரம் நிக்குது. இப்ப ஊத்துனா சேறாயிரும். கொஞ்ச நேரம் போகட்டும்" என்பார். "சரிண்ணே, நீங்க பாத்து ஊத்துங்க" என்று சொல்லிவிட்டு நான் நகர்ந்துவிடுவேன். அவர் கீறிப் பார்ப்பதில் இருக்கும் விவரம் பெரியது. அளவுக்கு மேல் ஊற்றினால் நுண்மண் சேறாகி, டயரில் ஒட்டிக்கொண்டு வாசலைத் தாண்டி வெளிச்சாலைக்குப் போய்விடும். அங்கே காய்ந்து, எங்கள் லாரி எட்டாத இடத்தில், சம்பந்தமில்லாதவர்கள் மூச்சில் தூசியாக ஏறும். அதனால்தான் சக்கரம் கழுவும் தொட்டியை வாசலை ஒட்டிக் கட்டக்கூடாது என்று ஒவ்வொரு முறையும் வாதாடுகிறேன். தொட்டிக்கும் வாசலுக்கும் இடையில் வண்டி தண்ணீர் சொட்டி வடிய கொஞ்ச தூரம் கெட்டித்தளம் வேண்டும். இல்லாவிட்டால் கழுவிய சேற்றை நாமே வெளியே அனுப்பிவைக்கிறோம். கால்சியம் குளோரைடு போன்ற உப்பைப் பாதையில் தெளித்தால் அது காற்றின் ஈரத்தை இழுத்துப் பிடித்து தூசியை அடக்கும். கிணறோ ஓடையோ பக்கத்தில் இருந்தால் நான் அதைத் தொடமாட்டேன். மழையோடு அந்த உப்பு எங்கே போகும் என்று யோசித்தால் போதும்.

கண்ணுக்குத் தெரியும் தூசியைவிட எனக்குப் பயம் கண்ணுக்குத் தெரியாததில்தான். குவார்ட்ஸ் கலந்த கல்லை உடைக்கும்போது வரும் படிக சிலிக்கா, சுமார் 4 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே போனால் நுரையீரலின் ஆழம் வரை இறங்கிவிடும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1997-இல் இதை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் வகையில் சேர்த்தது. அதற்கு வெகு காலம் முன்பே தெரிந்த, இந்தத் தூசியால் நுரையீரல் தழும்பேறும் சிலிகோசிஸ் நோய்க்கு இன்றுவரை குணப்படுத்தும் மருந்து கிடையாது. வேலை முடிந்ததும் கம்ப்ரஸர் காற்றை உடம்பின் மேல் அடித்து தூசி தட்டும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. மேலே படிந்து கிடந்ததை மறுபடி கிளப்பி, தானே சுவாசிப்பதற்கு அதைவிட நேரான வழி இல்லை. எங்கள் பட்டறையில் அதை நிறுத்த நாள் பிடித்தது. துணி முகமூடி போதாது என்று புரியவைப்பதற்கு இன்னும் அதிக நாள் பிடித்தது. பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கான அளவுகோலும் இறுகிக்கொண்டே வருகிறது: உலக சுகாதார அமைப்பு 2021-இல் தந்த வழிகாட்டுதலின்படி, 10 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள துகள்கள் 24 மணி நேரச் சராசரியில் ஒரு கனமீட்டர் காற்றுக்கு 45 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது.

சத்தத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். ஆகவே இயந்திரத்தை எங்கே நிறுத்துகிறோம் என்பதிலேயே பாதி தீர்ந்துவிடுகிறது; குழிக்குள் இறக்கி வைத்தால் இன்னும் நல்லது. சலிப்பானில் இரும்பு வலைக்குப் பதிலாக ரப்பர் அல்லது பாலியூரித்தேன் வலை போடலாம். ஆனால் அக்கம்பக்கத்தவர்கள் தூக்கம் கெடுவதாகச் சொல்வது பெரும்பாலும் கிரஷரால் அல்ல, வண்டி பின்னால் வரும்போது கேட்கும் அந்த 'பீப் பீப்'பால்தான். ஒற்றைச் சுருதி என்பதால் அது வெகுதூரம் தனித்துக் கேட்கிறது. பல அலைவரிசை கலந்து 'ஷ்ஷ்' என்று ஒலிக்கும் எச்சரிக்கைக் கருவிகள் வந்துவிட்டன. பின்னால் நிற்பவருக்கு நன்றாகக் கேட்கும், தூரம் போகப்போகக் கரைந்துவிடும். மாற்றுவது பெரிய செலவுமில்லை.

தண்ணீருக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான், மிகவும் கவலை தரும் பகுதியும் இதுதான்.

சரளையைக் கழுவினால்தான் கான்கிரீட்டுக்கு ஆகும். கழுவிய தண்ணீரில் நுண்மண் கலங்கிக் கிடக்கும். அதைப் படிவுக்குளத்தில் விட்டு, மண் அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மறுபடி கழுவவே எடுத்துக்கொள்கிறோம். சொல்லும்போது எளிது. ஆனால் எல்லா மண்ணும் ஒரே வேகத்தில் இறங்குவதில்லை. இயற்பியலாளர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1851-இல் எழுதிய சமன்பாட்டின்படி, துகளின் விட்டம் பாதியானால் அது இறங்கும் வேகம் நான்கில் ஒரு பங்காகிவிடும். 0.05 மில்லிமீட்டர் துகள் ஒரு மீட்டர் ஆழம் இறங்க ஏழெட்டு நிமிடம் போதும். 0.01 மில்லிமீட்டர் துகளுக்கு மூன்று மணி நேரம் ஆகும். களித்துகள், அதாவது 0.002 மில்லிமீட்டர், அதே ஒரு மீட்டரை இறங்க மூன்று நாளுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். அதுவும் தண்ணீர் அசையாமல் நின்றால்.

இங்கேதான் பல குவாரிகள் தவறான இடத்தில் பணத்தைப் போடுகின்றன. குளம் சரியாகத் தெளியவில்லை என்றால் உடனே ஆழப்படுத்துகிறார்கள். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் குளத்தில் எந்தத் துகள் தங்கும், எது வெளியேறும் என்பதைத் தீர்மானிப்பது பரப்பளவு, ஆழமல்ல. அமெரிக்கப் பொறியாளர் ஆலன் ஹேசன் 1904-லேயே இதை விளக்கிவிட்டார். மணிக்கு 100 கனமீட்டர் தண்ணீர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 0.01 மில்லிமீட்டர் துகளைப் பிடிக்க 300 சதுர மீட்டருக்குச் சற்று மேற்பட்ட பரப்பு போதும். 0.002 மில்லிமீட்டர் களியைப் பிடிக்க 7,700 சதுர மீட்டர், ஏறக்குறைய 2 ஏக்கர் வேண்டும். அதுவும் தண்ணீர் குளம் முழுக்கப் பரவி நகர்ந்தால். உள்ளே வரும் குழாயும் வெளியே போகும் வாயும் எதிரெதிரே கிட்டத்தில் இருந்தால், தண்ணீர் குறுக்குவழியில் ஓடிவிடும். மீதிக் குளம் சும்மா கிடக்கும். ஆழம் வேண்டியது படிந்த சேற்றைத் தாங்குவதற்கு மட்டும்.

இரண்டு ஏக்கர் எங்கே கிடைக்கும்? அதனால்தான் பாலிஅக்ரிலமைடு போன்ற திரட்டிகளைச் சேர்க்கிறோம். களித்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டி, கண்ணால் பார்க்கக்கூடிய திரளாக்கி விரைவாக இறக்கிவிடும். கண்ணாடிக் குடுவையில் கலங்கல் நீரை எடுத்து, சில சொட்டுக் கரைசல் விட்டு மெல்லக் கலக்கினால், பழுப்பாக இருந்த நீரில் முதலில் குறுநொய் போலப் புள்ளிகள் தோன்றும். அவை பெருத்து, சட்டென்று கீழே சரியும், மேலே வெளிச்சம் ஊடுருவும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது அலுப்பதில்லை. இந்தக் குடுவைச் சோதனையைச் செய்யாமல் மருந்தின் அளவை முடிவு செய்யக்கூடாது. குழியின் ஒரு மூலைக் களியும் இன்னொரு மூலைக் களியும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தத் திரட்டிகளில் நேர்மின்னேற்றம் உள்ளவை மீன்களின் செவுளில் ஒட்டிக்கொண்டு அவற்றைக் கொன்றுவிடும். எதிர்மின்னேற்றம் உள்ளவை அதைவிட எவ்வளவோ பாதுகாப்பானவை. மூட்டையின் மேல் இரண்டுக்கும் ஒரே பொதுப்பெயர்தான் பெரிதாக அச்சாகியிருக்கும். உள்ளே இருப்பது எது என்று கேட்டு வாங்குங்கள்.

மழைக்காலத்தில் கழுவும் நீரைவிட வானத்து நீர்தான் பிரச்சினை. அதற்கு நான் நம்பும் வழி ஒன்றே: சுத்தமான தண்ணீரைக் குழிக்குள் வரவிடாதே. மேட்டுப் பக்கத்தில் ஒரு வாய்க்கால் வெட்டி, மேலிருந்து வரும் மழைநீரைக் குவாரியைச் சுற்றிக் கொண்டுபோய் அதன் பழைய ஓடையிலேயே விட்டுவிட வேண்டும். உள்ளே விழும் மழையை மட்டும் நாம் பிடித்துத் தெளியவைத்தால் போதும். கலங்கிய பிறகு தெளியவைப்பதற்கு ஆகும் பாட்டில் பத்தில் ஒரு பங்குகூட அந்த வாய்க்காலுக்கு ஆகாது.

படிவுக்குளத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. வற்றிய குளத்தின் மேல் சேறு வெடித்து, காய்ந்து, நடந்து போகலாம் போலத் தெரியும். அடியில் அது கூழாகவே கிடக்கும். மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். கால் வைத்தால் இழுத்துக்கொள்ளும். ஆடுமாடு ஆனாலும் குழந்தை ஆனாலும் அதற்குத் தெரியாது. வேலியும் பலகையும் போடாத ஒரு படிவுக்குளத்தைக்கூட நான் ஏற்றுக்கொள்வதில்லை. இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது.

இனி நிலத்தடி நீர். சரளைப் படுகைதான் பல இடங்களில் தண்ணீரைத் தாங்கி நிற்கும் படுகை. கற்களுக்கு இடையில் இருக்கும் வெற்றிடத்தில்தான் கிணற்றுக்கு வரும் தண்ணீர் நிற்கிறது. மேலே இருக்கும் மண்ணும் களியும் அதற்கு வடிகட்டி. நாங்கள் முதலில் அகற்றுவது அந்த வடிகட்டியைத்தான். அதன் பிறகு குழியின் தரையில் ஒரு லிட்டர் டீசல் கொட்டினால் அதைத் தடுத்து நிறுத்த ஒன்றும் இல்லை. ஆகவே டீசல் நிரப்புவது குழிக்கு வெளியே, கான்கிரீட் தளத்தில். தொட்டியைச் சுற்றி அதன் கொள்ளளவில் 110 சதவீதத்தைத் தாங்கும் சுற்றுச்சுவர். நகராமல் நிற்கும் பெரிய இயந்திரத்துக்கு அடியில் எண்ணெய்த் தட்டு. இவை எங்கும் சொல்லப்படும் விதிகள்தான்; ஏன் என்று தெரிந்தால்தான் இரவு ஷிப்டிலும் கடைப்பிடிப்பார்கள்.

நீர்மட்டத்துக்குக் கீழே தோண்டி, பம்பு வைத்து இறைத்தால், சுற்றிலும் நீர்மட்டம் புனல் வடிவத்தில் தாழும். அதன் விளிம்பு யாருடைய கிணறு வரை போகிறது என்று தெரிய, தோண்டுவதற்கு முன்பே கண்காணிப்புத் துளைகள் போட்டு ஒரு வருடமாவது அளந்திருக்க வேண்டும். மழைக்கும் கோடைக்கும் இயல்பாக எவ்வளவு ஏறி இறங்குகிறது என்ற பதிவு இல்லாவிட்டால், பின்னால் கிணறு வற்றும்போது யார் சொல்வதற்கும் ஆதாரம் இருக்காது. பாதிக்கப்பட்டவர் பக்கம் உண்மை இருந்தாலும் அவரால் நிரூபிக்க முடியாமல் போகும். அந்தப் பதிவு குவாரிக்காக மட்டும் அல்ல, அவருக்காகவும்தான்.

இங்கேயும் அந்த நுண்மண் திரும்ப வருகிறது. தோண்டி முடித்த குழியைக் கழுவிய சேற்றால் நிரப்பிவிடலாம் என்று தோன்றும். நீர்மட்டத்துக்குக் கீழே களியால் நிரப்பினால் அது நிலத்துக்குள் ஒரு அணையாகிவிடும். ஊறிவரும் நீர் மேல்பக்கம் தேங்கி உயரும், கீழ்ப்பக்கம் தாழும். சரளை இருந்த இடத்தில் தண்ணீருக்கு வழிவிட்டு, ஓட்டத்தின் திசையை அறிந்து நிரப்ப வேண்டும்.

ஆற்றுக்குள் இறங்கிச் சரளை எடுப்பதைப் பற்றி என் கருத்து ஒன்றுதான்: கூடாது. ஆற்றில் ஒரு குழி தோண்டினால் அந்தக் குழி அங்கேயே நிற்பதில்லை. மேல்விளிம்பை நீர் அரித்து அரித்து, பள்ளம் நீரோட்டத்துக்கு எதிராக மேல்நோக்கி நகரும். கீழே போகும் நீர், சுமக்க வேண்டிய மணலும் கல்லும் குழியில் தங்கிவிட்டதால், படுகையையும் கரையையும் அரித்து எடுத்துக்கொள்ளும். கலிபோர்னியாவின் ஆறுகளை ஆராய்ந்த மத்தயாஸ் கோண்டால்ஃப் 1997-இல் இதைத் தெளிவாக எழுதினார். போர்ச்சுகலில் டோரோ ஆற்றின் மேல் இருந்த ஹின்ட்ஸே ரிபெய்ரோ பாலம் 2001 மார்ச் 4 அன்று இடிந்து 59 பேர் இறந்தார்கள். பல்லாண்டுகள் மணல் அள்ளியதில் படுகை தாழ்ந்து, தூணின் அடித்தளம் பிடிமானம் இழந்திருந்தது. ஆற்றோரச் சமவெளியில் தோண்டினாலும், இடையில் விட்ட கரை மெல்லியதாக இருந்தால் வெள்ளத்தில் ஆறு அதை உடைத்துக்கொண்டு குழிக்குள் பாயும். ஆண்டுக்குச் சுமார் 5,000 கோடி டன் மணலும் சரளையும் உலகம் பயன்படுத்துகிறது என்று ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2022 அறிக்கையில் சொல்கிறது. ஆறுகளால் அதைத் தாங்க முடியாது.

பறவைகளைப் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை. குவாரி அழிக்கும் இடம் மட்டும் இல்லை, சில உயிர்களை அழைக்கும் இடமும்கூட. செங்குத்தாக வெட்டிய மண்சுவரில் மண் தகைவிலான்களும் பஞ்சுருட்டான்களும் வளை தோண்டிக் குடியேறும். வெறும் கூழாங்கல் தரையில் உப்புக்கொத்தியும் ஆள்காட்டியும் முட்டையிடும். ஒருமுறை சேமிப்புக் குவியலின் ஓரத்தில் ஒரு ஆள்காட்டி எங்களைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது. லோடர் ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கினார். நாங்கள் இரண்டு பேரும் குனிந்து தேடியும் கூடு முதலில் கண்ணுக்குப் படவில்லை. நின்ற இடத்திலிருந்து ஒரு கை தூரத்தில், லேசான பள்ளத்தில், கரும்புள்ளி தெளித்த நான்கு முட்டைகள், கூர்முனை உள்பக்கமாக. சுற்றியிருந்த கற்களின் நிறம் அப்படியே. நான்கு கம்பு நட்டு நாடா கட்டினோம். குஞ்சு வெளியேறும் வரை அந்தக் குவியலை மறுபக்கத்திலிருந்து அள்ளினோம். இனப்பெருக்கக் காலம் தொடங்கும் முன்பே, இந்தப் பருவத்தில் எந்தச் சுவரைத் தொடுவதில்லை என்று வேலைத் திட்டத்தில் எழுதிவைத்துவிட்டால் உற்பத்திக்கு ஒரு குறையும் வராது. வேண்டாத சுவரைப் பறவைகள் வருவதற்கு முன்பே சரிவாக்கிவிட்டால் அவையும் வேறு இடம் பார்த்துக்கொள்ளும்.

கடைசியாக மேல்மண். தரையின் மேல் இருக்கும் ஒரு சாண், இரண்டு சாண் கருமண்ணில்தான் வேர், விதை, புழு, பூஞ்சை எல்லாம் இருக்கின்றன. அதை அடிமண்ணோடு கலந்து உரித்துவிட்டால், பிறகு எவ்வளவு செடி வாங்கி நட்டாலும் பிடிப்பதில்லை. ஈரமாக இருக்கும்போது உரித்தால் குழைந்து இறுகிவிடும். மலைபோலக் குவித்தால் உள்ளே காற்றுப் போகாமல் உயிர் அடங்கிவிடும். ஆகவே காய்ந்த பருவத்தில், தனியாக உரித்து, இரண்டு மீட்டர் உயரத்துக்கு மேல் போகாத மேடாகப் போட்டு, உடனே புல் விதைத்துவிட வேண்டும். அந்த மேட்டையே குடியிருப்புப் பக்கம் அமைத்தால் சத்தத்துக்கும் தடுப்பாகும்.

இதைவிட நல்லது, குவிக்காமலே இருப்பது. குழியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொண்டால், ஒரு கட்டத்தில் உரிக்கும் மேல்மண்ணை முடிந்துபோன கட்டத்தின் மேல் நேரே பரப்பலாம். விதையும் புழுவும் உயிரோடு இடம் மாறும். எங்கள் குவாரியில் அடுத்த கட்டத்துக்கு இப்படித்தான் திட்டம் போட்டிருக்கிறோம். முதல் கட்டக் குழியின் தரை வண்டி ஓடி ஓடி இறுகிக் கிடந்ததால், ஆழக் கலப்பையால் கிழித்துவிட்டாயிற்று. நீர்மட்டத்துக்கு நன்றாக மேலே இருக்கும் தரை அது. அதன் மேல் படிவுக்குளத்தில் தூர்வாரிக் காயவைத்த சேற்றைக் கெட்டியாக அல்லாமல் மெல்லிய அடுக்காகப் போட்டு, கிழித்த சரளையோடு கலந்துவிடுகிறோம். வெறும் சரளை ஈரத்தைப் பிடிக்காது. இந்தச் சேறு பிடிக்கும். அதற்கு மேல் புதிதாக உரித்த மேல்மண். பரப்பிய மண்ணின் மேல் எந்த டிப்பரும் ஏறக்கூடாது என்பதால், தூரத்துக் கோடியில் தொடங்கி, எக்ஸ்கவேட்டர் கையால் பரப்பிக்கொண்டே பின்வாங்குவதாக ஏற்பாடு. தரை காய்ந்ததும் வேலை தொடங்குகிறது.